லாரி எஞ்சின் படகுக்கு வந்தால்: காசிமேட்டு மரைன் கன்வர்ஷனை ஐடிலிங்கில் வைத்துப் பார்த்தோம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேடு துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் எஞ்சின் இறக்க, ஏற்ற, மாற்ற அதுதான் சீசன். எண்ணூரில் அசோக் லேலண்ட் இருப்பதாலோ என்னவோ, இந்தப் பக்கம் லேலண்ட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் கைகளுக்குப் பஞ்சமே இல்லை. லாரியிலிருந்து இறக்கிய ஆறு சிலிண்டர் எஞ்சினை ஓவராயில் செய்து, ஹைட்ராலிக் கியர்பாக்ஸ் மாட்டி, படகில் உட்கார வைத்துத் தருகிற வேலையை இங்கே "மரைன் கன்வர்ஷன்" என்கிறார்கள். அந்த வேலைக்கான மதிப்பீடுதான் இது.

பார்த்தது ஒரு பட்டறையின் ஒரு வேலை. பெயர் போடவில்லை. இதே முறையில்தான் பல ஷெட்டுகளில் செய்கிறார்கள், குறை என்று சொன்னதை இந்தப் பட்டறைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் சரிசெய்தும் கொடுத்தார்கள். ஆறு சிலிண்டர், 3:1 கியர்பாக்ஸ் (எஞ்சின் மூன்று சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று), பலகைப் படகு. குதிரைத்திறன் 240 என்ற மாநில விதியின் வரம்புக்குள் அடங்குகிற எஞ்சின்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லேத்து வேலை, சிலிண்டர் போர் வேலை, ஹெட் வேலை, பைப் வேலை எல்லாம் நல்ல தரம். ஐடிலிங்கில்தான், அதாவது ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் தானாக ஓடி நிற்கிற குறைந்த வேகத்தில்தான், தோற்றார்கள். 600 அளவில் நிற்க வேண்டிய எஞ்சின் ஒப்படைத்த அன்று நியூட்ரலில் 820 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நின்றது. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு ஃபிட்டர் சொன்ன பதிலை இந்த ஏரியாவில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: "கீழ எறக்குனா கியர்பாக்ஸ் கடகடன்னு கத்துதுணா. கொஞ்சம் ரேஸ் ஏத்தி வுட்டா அடங்கிடும்."

அடங்கும் என்பது உண்மை. ஆனால் அடங்குவது சத்தம் மட்டும்.

ஆறு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் மூன்று முறை எரிகிறது. 600 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 10 சுற்று, அதாவது நொடிக்கு 30 முறை எரிப்பின் அடி விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஃப்ளைவீல் (கிராங்க் முனையில் இருக்கிற கனமான சக்கரம்) துளி வேகமெடுக்கிறது, அடுத்த அடி வருவதற்குள் துளி தளர்கிறது. வேகம் குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். லாரியில் இதை வாங்கிக்கொள்ள கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. படகில் அந்த கிளட்ச் பிளேட்டே கிடையாது. அதன் இடத்தில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்து அதிர்வை வாங்கிக்கொள்ள, டேம்பர் பிளேட்டோ ரப்பர் பிளாக் கப்ளிங்கோ வருகிறது. நியூட்ரலில் கியர்பாக்ஸின் இன்புட் பல்சக்கரத்துக்குச் சுமை ஏதும் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் அது முன்னும் பின்னும் மோதுகிறது. கேட்கிற கடகடப்பு அதுதான். ரேஸை ஏற்றினால் ஃப்ளைவீலே அந்தத் துடிப்பை விழுங்கிவிடும், சத்தம் நின்றுவிடும். கப்ளிங் கெட்டிருந்தால் அது கெட்டபடியே இருக்கும்.

இந்த வேலையிலும் அதேதான் நடந்திருந்தது. ஃப்ளைவீலையும் கப்ளிங்கையும் மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடி மூடியைத் திறந்தவுடன் உள்ளே கரிப்பொடி மாதிரி ரப்பர் தூள். விரலில் தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. பிளாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஓட்டும் பக்க முகம் கண்ணாடி போலப் பளபளக்கிறது. எதிர்ப்பக்கம் சொரசொரப்பாக அப்படியே இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. புது பிளாக்கில் நகத்தின் தடம் பதிந்து மெதுவாக மேலே வரும். எஞ்சினைப் புதிதுபோல ஆக்கியவர்கள் கப்ளிங்கை மட்டும் பழைய படகிலிருந்து கழற்றி அப்படியே மாட்டியிருக்கிறார்கள். ரப்பர் இறுகினால் கப்ளிங் விறைப்பாகும், விறைப்பானால் அது ஒத்து அதிரும் வேகம் மேலே ஏறும். முன்பு 450-க்குக் கீழே, ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் நொடியில் கடந்துபோன அதிர்வு இப்போது ஐடிலிங் இருக்கிற இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. டேக்கோமீட்டர் ஒன்று போதும். கிராங்க் புல்லியில் ஒட்டுத்தாள் ஒட்டி வெளிச்சம் அடித்து எண்ணுகிற சின்ன கைக்கருவியே நம்பகமானது, படகு டேஷ்போர்டு மீட்டரை நம்ப வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நியூட்ரலில் 900-லிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். எந்த எண்ணில் கடகடப்பு தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 550-க்குக் கீழே மட்டும் லேசாகத் தட்டினால் பெரிய கவலை இல்லை. 700-லேயே தொடங்கினால் கப்ளிங்கைத் திறக்காமல் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது. குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. கெட்டியான கியர் ஆயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதால் சத்தம் கம்மியாகக் கேட்கும்.

பிளாக்குகளை முழு செட்டாக மாற்றச் சொன்னோம். கெட்டுப்போன இரண்டை மட்டும் மாற்றுவது தவறு. புதியதும் இறுகியதும் கலந்தால் சுமை முழுவதும் இறுகியதன் மேல் விழும். கூடவே டயல் கேஜ் வைத்து ஃப்ளைவீலையும் ஹவுசிங்கையும் பார்த்தார்கள். எஸ்.ஏ.இ. 1 என்ற தர அளவு ஹவுசிங்கின் உள்விட்டம் 511.18 மி.மீ. அந்த வட்டம் கிராங்க்கோடு ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஒரு முழு சுற்றில் டயல் முள் காட்டுகிற மொத்த ஓட்டம் 0.25 மி.மீ.க்குள் நின்றால் ஏற்கலாம். இங்கே அதைவிடக் குறைவாகவே நின்றது. லேத்துக்காரரின் கையைப் பாராட்ட வேண்டும். எஞ்சினோடு கியர்பாக்ஸைப் பொருத்துகிற இந்த அடாப்டர் ரிங் வேலையில் மையம் தவறினால் எத்தனை புது ரப்பர் போட்டாலும் சில மாதத்தில் தூளாகிவிடும்.

அடுத்தது டீசல் பம்ப். கன்வர்ஷன் பேசும்போது யாருமே கேட்காத கேள்வி, "பம்பில் என்ன கவர்னர்?" கவர்னர் என்பது டீசலைக் கூட்டிக் குறைத்து எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைக்கிற பாகம். பழைய லாரிகளில் வந்த பல மைக்கோ இன்லைன் டீசல் பம்புகளில் ஆர்.கியூ. வகை கவர்னர் இருக்கும். அது ஐடிலிங்கையும் உச்ச வேகத்தையும் மட்டும்தான் கட்டுப்படுத்தும். நடுவே இருப்பதெல்லாம் டிரைவரின் கால் பொறுப்பு. ரோட்டில் அது சௌகரியம். படகில் கால் கிடையாது, லீவரை ஓரிடத்தில் வைத்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அலையில் பின்பக்கம் தூக்கி புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்தால் வேகம் எகிறும், முங்கினால் தொய்யும். ஐடிலிங்குக்குச் சற்று மேலே லீவரை வைத்து கியர் போட்டால் பிடித்து நிறுத்த யாரும் இல்லாமல் எஞ்சின் அப்படியே விழும். படகுக்கு வேண்டியது ஆர்.எஸ்.வி. போன்ற எல்லா வேகத்தையும் பிடிக்கிற கவர்னர். இந்தப் பட்டறை ஆர்.எஸ்.வி. பம்ப்தான் போட்டிருந்தது. இதற்கு முழு மதிப்பெண்.

செட்டிங்கில்தான் கோட்டை விட்டார்கள். ஆர்.எஸ்.வி. கவர்னரில் ஐடிலிங்குக்கு இரண்டு இடம் இருக்கிறது. லீவர் வந்து முட்டி நிற்கிற ஸ்டாப் ஸ்க்ரூ ஒன்று. கவர்னர் மூடியின் பின்பக்கம் லாக் நட்டோடு இருக்கிற துணை ஐடிலிங் ஸ்பிரிங்கின் ஸ்க்ரூ மற்றொன்று. முதலில் பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அது எதையும் தொடாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டாப் ஸ்க்ரூவில் வேண்டிய வேகத்துக்கு 20, 30 ஆர்.பி.எம். கீழே வைக்க வேண்டும். இந்த நிலையில் எஞ்சின் மேலும் கீழும் ஊசலாடும், பயப்பட வேண்டாம். இப்போது பின் ஸ்பிரிங்கைக் கால் சுற்று கால் சுற்றாக உள்ளே கொண்டுவந்தால் ஊசலாட்டம் நின்று, வேகம் அந்த 20, 30 ஏறி, நிலைக்கும். அங்கேயே லாக் நட்டை இறுக்கிவிட வேண்டும்.

இங்கே ஃபிட்டர் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாமல் பின் ஸ்பிரிங்கையே முடுக்கி 820-க்கு ஏற்றியிருந்தார். இது ஆபத்தான வேலை, அழுத்திச் சொல்கிறோம். அந்த ஸ்பிரிங் அளவுக்கு மேல் உள்ளே போனால் உச்ச வேகத்தில் டீசலை வெட்ட வேண்டிய நேரத்தில் ரேக்கை (பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி) திரும்ப விடாமல் தள்ளும். சுமையில்லாத உச்ச வேகம் ஏறிவிடும். கடலில் கியர் நழுவினாலோ புரொப்பெல்லர் போனாலோ எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். ஐடிலிங் செட்டிங் செய்த பிறகு சுமையில்லாமல் முழு ரேஸ் கொடுத்து, உச்ச வேகம் முன்பு இருந்ததைவிட ஏறவில்லை என்று பார்க்காமல் யாரையும் கிளம்ப விடாதீர்கள்.

ஸ்க்ரூவுக்கு அப்பால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் சமமாக இருக்கிறதா என்பது பெரிய விஷயம். ஐடிலிங்கில் ஒரு அடிக்குப் போகிற டீசல் ஒரு சொட்டை விடக் கம்மி. முழு ரேஸில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இங்கே எஞ்சினையே குலுக்கும். ஒரு சிலிண்டர் சோம்பினால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இடறும். 600-இல் அது நொடிக்கு 5 முறை. ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்த எஞ்சின் தானாக ஆடுகிற வேகமும் இதை ஒட்டியே இருப்பதால், எஞ்சின் மொத்தமும் தூளி மாதிரி ஆடும். பார்ப்பவர்கள் மவுண்ட்டைக் குறை சொல்வார்கள். ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் யூனியன் நட்டாக அரைச் சுற்று தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல சிலிண்டரை வெட்டினால் சத்தம் மாறும், வேகம் விழும். சோம்பேறி சிலிண்டரை வெட்டினால் ஒன்றும் ஆகாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றி, கையைப் பீய்ச்சலுக்கு நேரே காட்டாமல் செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இந்த எஞ்சினில் நாலாவது சிலிண்டர் அப்படித்தான் இருந்தது. இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனையான நாசில் சொட்டுகிறது, டெஸ்டரில் வைத்தால் நுனியில் ஈரம் கட்டுகிறது. ஆறையும் மாற்றி, திறக்கும் அழுத்தத்தில் ஒன்றுக்கொன்று 5 பாருக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் செட் செய்யச் சொன்னோம். பம்பை மாதவரம் பக்கம் ஜி.என்.டி. சாலையோரம் லாரிக்காரர்கள் போகிற டீசல் பம்ப் சர்வீஸ் ஒன்றில் சோதனை பெஞ்சில் ஏற்றினார்கள். அங்கே கேட்க வேண்டியது, முழு டெலிவரி ரிப்போர்ட்டோடு ஐடிலிங் வேகத்திலும் ஆறு குழாயில் வருகிற டீசலின் அளவு. பம்ப் எஞ்சினில் பாதி வேகத்தில் சுற்றுவதால் 600-க்கு பம்பில் 300. பலர் முழு வேக அளவை மட்டும் எழுதித் தந்து அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்து 620-இல் நிறுத்தினார்கள். ஒரு ரூபாய் நாணயம் ராக்கர் கவர் மேல் விளிம்பில் நிற்கவில்லை, ஆனால் தண்ணீர் நிறைத்த டம்ளர் சிந்தவில்லை. 560 வரை இறக்கியும் கியர்பாக்ஸ் சத்தம் இல்லை.

820-க்கும் 620-க்கும் படகோட்டுகிறவருக்கு என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறுகிற தூரம், 0.7 மீட்டர் உள்ள புரொப்பெல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3:1-இல் 620 என்றால் புரொப்பெல்லர் 207 சுற்று, நழுவலைக் கழிக்காமல் பார்த்தால் மணிக்கு 8.7 கி.மீ. 820 என்றால் 273 சுற்று, 11.5 கி.மீ. படகுக்குப் படகு உரசி நிற்கிற காசிமேட்டு வார்ஃபில் அந்த 2.8 கி.மீ. பெரிய தொகை. டிரைவர் சொன்னது இதுதான்: "வார்ஃபாண்ட வரப்ப வண்டி நிக்கவே மாட்டுதுபா, கியர போட்டுப் போட்டு எடுக்க வேண்டியதா கீது." அப்படிப் போட்டுப் போட்டு எடுப்பது ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸ் கிளட்ச் பிளேட்டைத் தேய்க்கிறது. 820-இல் கியர் போட்டால் விழுகிற அடியும் பெரிது.

இதே இக்கட்டில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றுகிற மஸ்டா ரோட்டரி கார் எஞ்சினை வீட்டிலேயே கட்டுகிற சிறு விமானங்களில் ஏற்றுபவர்கள். அந்த எஞ்சின் நல்ல சக்தி தருவது 6000, 7000 சுற்றில். விமான புரொப்பெல்லருக்கு அது தாங்காது, ஆகவே 2.85:1 போன்ற குறைப்பு கியர். காரில் 750 அளவில் நிற்கிற ஐடிலிங்கை விமானத்தில் 1500-க்கு மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள். குறைந்த வேகத்தில் ரோட்டரி சீராக எரியாது. வெளிப்போக வேண்டிய புகை அடுத்த சுற்றின் காற்றோடு கலந்து இடறும், அந்த இடறல் கனமான புரொப்பெல்லரை கியர் வழியாக உதறும். ஐடிலிங்கை ஏற்றினால் கியர் பிழைக்கும், ஆனால் தரையில் விமானம் தானாக ஓடப் பார்க்கும், பிரேக் சூடாகும், இறங்கும்போது மிதந்துகொண்டே போகும். அவர்களுக்கு ஏற்றுவதற்கு எஞ்சினின் இயல்பே காரணமாக இருக்கிறது. ஆறு சிலிண்டர் டீசலுக்கு அந்தக் காரணம் இல்லை. 600-இல் நிற்கவே பிறந்த எஞ்சின் அது. 800-க்கு ஏற்றித்தான் நிறுத்த முடிகிறது என்றால் எங்கோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது.

ஒரேயடியாகக் கீழே இறக்குவதும் கூடாது. ஹைட்ராலிக் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் எஞ்சின் வேகத்தில்தான் ஓடுகிறது. மூன்று, நாலு மணி நேரம் இழுத்துச் சூடான ஆயிலில், ஐடிலிங்கில், கியர் போட்ட நிலையில் கன்ட்ரோல் ஆயில் அழுத்தம் கியர்பாக்ஸ் புத்தகத்தில் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் கிளட்ச் வழுக்கும். காலையில் குளிரில் மீட்டர் காட்டுகிற அழுத்தம் எதற்கும் உதவாது. எஞ்சின் ஆயில் அழுத்தத்துக்கும் இதே கதை. ஆல்டர்னேட்டரும் பார்க்க வேண்டும். புல்லி விகிதம் 2:1 என்றால் 620-இல் அது 1240 சுற்றுதான். வலை விட்டுவிட்டு விளக்கு, ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் எரிய நிற்கும்போது 24 வோல்ட் பேட்டரியில் 27-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். இந்தப் படகில் 25.8 காட்டியது. ஆல்டர்னேட்டர் புல்லியைச் சின்னதாக மாற்றினார்கள், ஐடிலிங்கைத் தொடவில்லை. சரியான முடிவு.

எஞ்சின் சூட்டை ஓரளவில் நிறுத்தி வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இந்தப் பட்டறையிலும் நடந்திருந்தது. "கடல் தண்ணி ஓடுது, எதுக்குணா அது" என்கிறார்கள். ஐடிலிங்கில் மணிக்கணக்காக நிற்கிற டீசல் எஞ்சினுக்கு அதிகக் குளிர்ச்சி சூட்டைப் போலவே கெடுதல். எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், லைனர் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகும், வெள்ளைப் புகை நிற்காது. திரும்பப் போட வைத்தோம், அன்றே புகை குறைந்தது.

கியர்பாக்ஸும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்கிற ஷாஃப்ட் அலைன்மென்ட்டைத் தரையில் பார்த்து முடித்துவிட்டார்கள், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பலகைப் படகு தண்ணீரில் இறங்கினால் உடம்பு வேறு மாதிரி உட்காரும். ஒரு நாள் மிதக்க விட்டு, டேங்கில் டீசல் நிரப்பி, ஷாஃப்ட் கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, நாலு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட வேண்டும். விளிம்பு 200 மி.மீ. விட்டம் என்றால் இடைவெளி வித்தியாசம் 0.2 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது, 0.1 கிடைத்தால் நல்லது. இங்கே முதலில் 0.45 இருந்தது.

இந்தப் பட்டறைக்கு வேலை கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். எஞ்சின் வேலையும் அடாப்டர் வேலையும் இந்த விலைக்கு வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பது கஷ்டம். சொன்னதைக் கேட்டுத் திரும்பச் செய்கிற குணமும் இருக்கிறது. ஆனால் கூலி பேசும்போதே நாலு விஷயத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள்: புது கப்ளிங் ரப்பர் முழு செட், எல்லா வேகத்தையும் பிடிக்கிற கவர்னர், ஐடிலிங் டெலிவரியோடு பம்ப் ரிப்போர்ட், தெர்மோஸ்டாட். இவை இல்லாத கொட்டேஷன் பார்க்கக் குறைவாக இருக்கும், மிச்சம் சீசன் நடுவில் வரும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் கடலுக்குப் போய் வாருங்கள். திரும்பி வந்து, எஞ்சின் சூடு ஆறும் முன், வார்ஃபிலேயே நியூட்ரலிலும் முன் கியரிலும் பின் கியரிலும் டேக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள். கியர் போட்டதும் 40, 50 விழுந்து உடனே நிலைக்க வேண்டும். 100-க்கு மேல் விழுந்தாலோ, விழுந்து எழுந்து ஊசலாடினாலோ பின் ஸ்பிரிங் செட்டிங் தவறு. 50 மணி நேரம் ஓடியதும் பெல் ஹவுசிங் அடி மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியால் உள்ளே ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் கரிப்பொடி ஒட்டினால் மையத்தை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.